கரி கழுவுன எடத்துல உக்காந்திருக்குற என் பாப்பாவுக்கு

பாப்பா,

நல்லாருக்கியா. சாப்டியா. ஏப்ரல் நடுவுல ஏறுன சூரியன் அந்த ஆர்க்டிக் ஊர்ல ஆகஸ்ட் கடைசிலதான் எறங்கும்னு நீ சொன்னதுலருந்து, உங்கம்மா தெனம் பத்து மணிக்கு ஹால் லைட்ட அணைக்கும்போது புள்ள எப்படித்தான் தூங்குதோன்னு சொல்லாம படுக்கறதில்ல. ஜன்னலுக்கு கருப்புத் துணி கட்டிக்கச் சொன்னா, சொல்லிட்டேன்.

வாட்ஸப்ல கூப்டா எடுக்கலியேன்னு மொத ரெண்டு நாள் எனக்கு கோவம்தான். அப்புறம் தம்பிதான் வெளக்குனான், ஊரச் சுத்தி 20 கிலோமீட்டருக்கு வைஃபை ப்ளூடூத் எதுவும் கூடாது, போன ஃப்ளைட் மோடுலயே வெச்சுக்கணும், ஏன்னா அங்க நட்டு வெச்சிருக்குற பெரிய ஆன்டெனா கோடிக்கணக்கான ஒளியாண்டு தாண்டி இருக்குற குவேசார்ங்கிற பளீர்னு எரியற விண்பொருள்லருந்து வர்ற சன்னமான ரேடியோ அலையக் கேட்டு பூமி எப்படி சுத்துது கண்டம் எவ்வளவு நகருதுன்னு கணக்கு போடுது, நடுவுல நம்ம குடும்ப குரூப்போட குட்மார்னிங் பூப்படம் போயி அதக் கெடுக்கக் கூடாதுன்னு. சரி, ஞாயமான காரணம்தான். அதான் மெயில் அடிக்கறேன். தப்புத் தப்பா இருந்தா திருத்திப் படிச்சுக்க, வெரலு பெருசு, கீபோர்டு சிறுசு.

நீ கெளம்புறதுக்கு மொத நாள் ராத்திரி சாப்புடும்போது ஒண்ணு சொன்ன, ஞாபகம் இருக்கா. நீ சிரிச்சிட்டேதான் சொன்ன. "நீங்க எரிச்ச கரியத்தான்ப்பா நான் போயி அங்க பனி மேல எண்ணப் போறேன்." தம்பிகூட சிரிச்சான். நான் சிரிக்கல. மறுநாள் ஏர்போர்ட் போற வரைக்கும் வண்டில நான் ஒரு வார்த்த பேசல, நீ அத தூக்கம்னு நெனச்சிருப்ப. தூக்கம் இல்ல. 38 வருஷம் நெய்வேலி சுரங்கக் கன்வேயர்ல ஃபிட்டரா சேந்து ஃபோர்மேனா வெளிய வந்தவன், அந்தக் கரிலதான் உன் ஸ்கூல் பீஸ், காலேஜ், இந்த வீடு எல்லாம். அதுக்கு பதில் சொல்லணும்னு தோணுச்சு, ஆனா என்ன பதில்னு தெரியல. சரி, புள்ள போற ஊரப் பத்தி மொதல்ல படிப்போம்னு உக்காந்தேன். மூணு வாரமா படிக்கறேன். தம்பி உக்காந்து நார்வே பாஷைய மாத்தி மாத்திக் குடுத்தான். இப்ப பதில் இருக்கான்னு கேட்டா, இருக்கு, ஆனா நேரா இல்ல, சுத்தித்தான் வருவேன், நீ பொறுமையா படி.

மொதல்ல உன் ஊரு. நீ இருக்குற அந்தக் குடா, கோங்ஸ்ஃபியோர்டன், ராஜா குடான்னு அர்த்தம், இங்கிலீஷ்காரன் கிங்ஸ் பேன்னு கூப்டான். நார்வேயோட ஸ்வால்பார்டு தீவுக் கூட்டத்துல ஸ்பிட்ஸ்பெர்கன் தீவோட மேற்குக் கரைல கடல் 26 கிலோமீட்டர் உள்ள பூந்து கெடக்கு. அந்தப் பக்கம் பாத்தா அடிக்கற வெயில்ல மூணு மல தெரியும்ல, ஸ்வேயா, நோரா, டானா, ஸ்வீடன் நார்வே டென்மார்க் மூணுக்கும் ஆளுக்கு ஒண்ணு, மூணையும் சேத்து மூணு கிரீடம்னு பேரு. ராஜா குடாவுக்கு கிரீடம் வெச்சது பொருத்தம்தான். ஒங்க ஊரு நீ-ஓலசுன் 78 டிகிரி 55 நிமிஷம் வடக்கு, துருவத்துக்கு அங்கருந்து 1,200 கிலோமீட்டர் சொச்சம். நெய்வேலிலருந்து நாக்பூர் தூரம்தான் வெச்சுக்கயேன். உங்கம்மாகிட்ட அத சொல்லாத.

ஒரு விஷயம் எனக்கு ரொம்ப வித்தியாசமா பட்டுச்சு. அந்த மண்ணுக்குன்னு பூர்வகுடின்னு யாருமே கெடயாது. எஸ்கிமோ மாதிரி ஜனங்க இருந்திருப்பாங்கன்னு நான் நெனச்சிட்டு இருந்தேன், இல்ல. 1596ல வில்லெம் பாரென்ட்ஸ் அந்தத் தீவுக் கூட்டத்தப் பாத்து சொன்னதுக்கு அப்புறம் போனவன் எல்லாருமே எதையோ எடுக்கத்தான் போயிருக்கான். மொதல்ல திமிங்கலம். கொழுப்பு காச்சி எண்ண எடுக்க கப்பல் கப்பலா போயி, போஹெட்டுன்னு ஒரு எனம், அத கிட்டத்தட்ட தொடச்சே எடுத்துட்டானுங்க. அதுல ஜோனாஸ் பூல்னு ஒரு இங்கிலீஷ் வேட்டக்காரன் 1610லயே ஒங்க குடாவுல கரி கெடக்குன்னு பாத்து எழுதி வெச்சிருக்கான். 1610! நம்ம ஊர்ல தஞ்சாவூர நாயக்கர் ஆண்ட காலம். ஆனா கரிய எடுக்க ஆள் வர இன்னும் முந்நூறு வருஷம் ஆச்சு.

அதுக்கு முன்னாடி வந்தான் பாரு ஒருத்தன், எர்னஸ்ட் மேன்ஸ்ஃபீல்டுன்னு. குடாவுக்கு அந்தாண்ட கரைல சலவைக்கல்லு இருக்குன்னு லண்டன்ல பணம் தெரட்டி 1911 வாக்குல கிரேன் என்ன, பாய்லர் என்ன, ரயில் பாத என்ன, குடிச என்ன, எல்லாம் கொண்டாந்து எறக்கி, லண்டன்னே பேரும் வெச்சுட்டான். கல்லு பாக்க நல்லாத்தான் இருந்திருக்கு. காலங்காலமா உறைஞ்சு உறைஞ்சு உள்ளுக்குள்ளயே விரிசல் உட்ட கல்லு, வெளிய எடுத்துட்டுப் போனா பொலபொலன்னு உதிருது. அவ்ளோதான் கம்பெனி. மிஷின எல்லாம் அப்படியே போட்டுட்டுப் போயிட்டான், இன்னும் துருப்புடிச்சு அங்கதான் நிக்குதாம். போட்ல அந்தப் பக்கம் போனா எட்டிப் பாரு. சாம்பிள் பாக்காம பிளாண்ட் போட்டா இதான் நடக்கும், நான் சர்வீஸ்ல எத்தன தடவ சொல்லியிருப்பேன்.

அந்த எடத்துக்கு இன்னொரு கூத்து. பேரு ப்ளூம்ஸ்ட்ராண்ட்ஹால்வோயா. ஹால்வோயான்னா தீபகற்பம். பேரு வெச்சப்ப ஒரு பக்கம் பனியாறு ஒட்டிக்கிட்டு இருந்ததால தீபகற்பம்னு நெனச்சான். பனியாறு பின்னாடி போகப் போக நடுவுல தண்ணி வந்துருச்சு, 1990கள்ல பாத்தா அது தீவு. சுத்திப் படகுல போலாம். பேர மட்டும் மாத்தல. மேப்புல தீபகற்பம், நேர்ல தீவு. எனக்கு இந்தப் பனி உருகுற கதைலயே மனசுல ஒட்டுனது இதான் பாப்பா, மத்ததெல்லாம் நம்பர், இது மட்டும் சின்னப் புள்ளைக்குக்கூட புரியும்.

சரி இப்ப என் சமாச்சாரத்துக்கு வரேன். கரி.

1916ல நார்வேல ஓலசுன் ஊர்க்காரங்க சில பேரு சேந்து கிங்ஸ் பே கரிக் கம்பெனி ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் தோண்ட ஆரம்பிச்சாங்க, அவங்க ஊர் பேரயே புது ஓலசுன்னு வெச்சாங்க, நீன்னா புதுசு. தமிழ்ல படிச்சா நீ நான்னு இருக்கு, எங்களுக்கு சிரிப்பா இருந்துச்சு. கரி வெட்டுற சுரங்கத்துக்கெல்லாம் பொம்பள பேரு, எஸ்தர், ஆக்னஸ், சோஃபி, நம்ம புயலுக்கு பேரு வைக்கிற மாதிரி. நம்ம ஊரு மாதிரி மேல மண்ண வாரிக் கொட்டிட்டு தெறந்த வெளில வெட்டுற வேல இல்ல பாப்பா இது, பூமிக்கு உள்ள பூந்து போறது, பக்கெட் வீல்னு சக்கரத்துல வாளி கோத்த வெட்டு மிஷின்லாம் கெடயாது. நம்மளுக்கு பிரச்சன தண்ணி, கீழருந்து முட்டிக்கிட்டு வர்ற ஊத்துத் தண்ணிய ராத்திரி பகலா பம்ப் பண்ணாதான் கரி மேல நிக்க முடியும். அவங்களுக்கு பிரச்சன வாயு. கரிக்குள்ள மீத்தேன், அது கூட கரித் தூசி, ஒரு பொறி போதும். வெல கட்டுபடியாகாம, சாவும் சேந்து, 1929ல மூடுனாங்க. உலகப்போர் முடிஞ்சதும் திரும்பத் தெறந்தாங்க, 1948ல வெடிச்சுது, 52ல வெடிச்சுது, 53ல வெடிச்சுது. தெறந்து தெறந்து மூடுற சுரங்கத்துல எறங்கறவனோட பொண்டாட்டி எப்படித் தூங்கியிருப்பா. வாசல்ல நின்னு சைக்கிள் சத்தத்த கேட்டவ உங்கம்மா, அவளக் கேளு சொல்லுவா.

1962 நவம்பர் 5. எஸ்தர் சுரங்கத்துல வெடிப்பு, 21 பேர் செத்துட்டாங்க. பல பேரோட உடல வெளிய எடுக்கவே முடியல பாப்பா, அவங்க இன்னும் அந்த மலைக்குள்ளதான் இருக்காங்க. நீ பூட்ஸ் மாட்டிக்கிட்டு நடக்குற ஊருக்கு மேலாண்ட.

அது நான் பொறந்த வருஷம். நெய்வேலி அனல் மின் நிலையத்துல மொத யூனிட் ஓட ஆரம்பிச்சதும் அதே 1962. உங்க தாத்தா அப்ப மண்ணு வெட்ட வந்தவரு, ஊரே வெளக்கு எரியறத வேடிக்க பாத்துச்சுன்னு சொல்லுவாரு. இங்க வெளக்கேத்துன வருஷம் அங்க அணைஞ்சிருக்கு. இது எனக்கு இத்தன வருஷம் தெரியாது, நீ அங்க போகலன்னா தெரியாமயே போயிருப்பேன்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் நான் ரெண்டு தடவ படிச்சது. பாதுகாப்பு சரியில்லன்னு விசாரண கமிஷன் ரிப்போர்ட் குடுத்துச்சு, பார்லிமென்ட்ல வெச்சாங்க, 1963 ஆகஸ்ட்ல நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து பிரதமர் கெர்ஹார்ட்சன் சர்க்காரே கவுந்துருச்சு. அதுவும் தொழிலாளர் கட்சி சர்க்காரு. அடுத்து வந்த லிங் சர்க்காரும் நாலு வாரம்தான் நின்னுச்சு, பழைய ஆளே திரும்ப வந்துட்டாரு, அது வேற. ஆனா துருவத்துகிட்ட ஒரு மூலைல 21 பேர் செத்ததுக்கு தலைநகர்ல நாற்காலி போச்சு. 1975 டிசம்பர்ல தன்பாத் பக்கம் சாஸ்நாலா சுரங்கத்துல தண்ணி பூந்து 375 பேர் போனப்ப எனக்கு 13 வயசு. தாத்தா ரேடியோவ அணைச்சுட்டு வாசல்ல போயி உக்காந்தாரு, அன்னிக்கு சாப்புடல. அவ்ளோதான் எனக்கு ஞாபகம்.

அந்த வெடிப்போட சுரங்கத்த இழுத்து மூடிட்டாங்க. கரிக் கம்பெனி மட்டும் மூடல, அதே கிங்ஸ் பே கம்பெனிதான் இன்னிக்கும் உங்க ஊருக்கு கரண்டு, சாப்பாடு, போட்டு எல்லாம் பாக்குது, முழுக்க நார்வே அரசாங்கத்தோடது. கரிக்கு பதிலா ஆராய்ச்சி. பத்து நாடு அங்க கட தெறந்திருக்கு. சீனாக்காரன் வாசல்ல ரெண்டு கல்லு சிங்கம் வெச்சானாம், நம்ம ஆளுங்க என்ன வெச்சிருக்காங்கன்னு நீ சொல்லவே இல்ல, ஒரு கோலமாவது போடு. நம்ம ஆராய்ச்சி நிலையம் ஹிமாத்ரிய 2008 ஜூலை 1ம் தேதி தெறந்திருக்காங்க. ஆனா இந்தியாவுக்கு அந்த ஊர்மேல உரிம எப்பலருந்துன்னு பாத்தியா? 1920ல பாரிஸ்ல ஸ்வால்பார்டு ஒப்பந்தம் போட்டப்ப கையெழுத்து போட்ட லிஸ்டுல இந்தியா பேரும் இருக்கு, வெள்ளக்காரன் நம்ம சார்பா போட்டது. அடிமையா இருந்தப்ப போட்ட கையெழுத்து சுதந்திரத்துக்கு அப்புறம் பாப்பாவுக்கு விசா மாதிரி உதவுதுன்னு நான் சொன்னதுக்கு தம்பி விழுந்து விழுந்து சிரிச்சான்.

இன்னொண்ணு, இத நான் இங்க டீக்கடைல பத்து பேர்கிட்ட சொல்லிட்டேன். ஒங்க குடாத் தண்ணிக்குள்ள 192 மீட்டர் ஆழத்துல நம்ம மெட்ராஸ் பள்ளிக்கரணைல இருக்குற கடல் தொழில்நுட்பக் கழகம் செஞ்ச ஒரு கருவி நங்கூரம் போட்டு நிக்குது. இன்ட்ஆர்க்னு பேரு, 2014 ஜூலைல எறக்குனாங்க. ஒரே கயித்துல மேலருந்து கீழ வரைக்கும் சென்சார் கோத்து, குளிர்காலம் பூரா சூடு, உப்பு, நீரோட்டம் எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டே இருக்கும், வருஷா வருஷம் எடுத்து பேட்டரி மாத்தி திரும்ப எறக்கணும். பள்ளிக்கரணை சதுப்புல கொசு கடிச்சிட்டு செஞ்ச சாமான் பனிக்கரடி ஊர்ல வேல செய்யுது. நீ ஏறிப் போன 14 சீட்டு டோர்னியர் 228 இருக்குல்ல, அதே மாடல நம்ம கான்பூர்லயும் செய்யறாங்க தெரியுமா. சின்ன பிளேன்னு பயந்தேன்னு எழுதியிருந்த, நல்ல மிஷின் அது, பயப்படாத.

தண்ணிக்கு வந்துட்டேன், தண்ணியப் பத்தியே சொல்றேன். நீ காத்துக் காரி, கடல் ஒனக்கு பக்கத்து டிபார்ட்மென்ட், ஒனக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனாலும் நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாரு. பொதுவா இந்த மாதிரி குடாவுக்கெல்லாம் வாய்ல கடலடில ஒரு மேடு இருக்கும், வாசப்படி மாதிரி, வெளித் தண்ணி சுலபமா உள்ள வராது. ஒங்க குடாவுக்கு வாசப்படி சரியா இல்ல. பதிலா ஆழமான ஒரு பள்ளம் வெளிக் கடல் வரைக்கும் போவுது. வெளில அட்லாண்டிக்லருந்து வர்ற வெதுவெதுப்பான நீரோட்டம் தீவ ஒட்டி வடக்க போயிட்டே இருக்கு, காத்து தோதா அடிச்சா அது பள்ளம் வழியா நேரா வீட்டுக்குள்ள. 2006 குளிர்காலத்துல அப்படித்தான் உள்ள வந்துச்சு, அதுலருந்து அந்தக் குடா முன்ன மாதிரி உறையறதே இல்லயாம். அதுக்கு முன்னாடி உள்பக்கம் வருஷா வருஷம் கெட்டியா உறையும், மேல ஸ்னோஸ்கூட்டர் ஓட்டுவாங்க.

உறையலன்னா என்னன்னு நான் தம்பிகிட்ட கேட்டேன், நமக்கு சவுரியம்தானேன்னு. அவன் காட்டுனான். அந்த வளையச் சீல்னு ஒண்ணு, அது கடல்பனி மேல விழுந்த பனில வள தோண்டி உள்ள குட்டி போடும். கூர இல்லன்னா குட்டி வெட்டவெளில கெடக்கும், நரி எடுக்கும், பெரிய கடல்புறா எடுக்கும், கரடி எடுக்கும். கரடிக்கு அதுவும் கம்மியா கெடைக்கறப்ப அது குடாவுல இருக்குற குட்டித் தீவுக்கெல்லாம் நீந்திப் போயி வாத்து முட்டையும் காட்டு வாத்து முட்டையும் கூடு கூடா தின்னு தீக்குதாம். அவ்ளோ பெரிய கரடி. முட்ட. சீல் தின்ன வேண்டியது ஆம்லெட்டு தின்னா ஒடம்பு நிக்குமா. அதே நேரம் தெக்கருந்து காட் மீனு, கேப்லின்னு புதுசா உள்ள வந்து பெருகுது, கிட்டிவேக் கடல்புறாவெல்லாம் சாப்பாட்ட மாத்திக்கிச்சு. கெட்டது மட்டும்தான் நடக்குதுன்னு சொன்னா அதுவும் பொய், சில பேருக்கு விருந்து, சில பேருக்கு பட்டினி.

பனியாறு எனக்கு சட்டுன்னு புரிஞ்சுது. அது ஒரு பெல்ட்டு பாப்பா, வேற ஒண்ணும் இல்ல. மேல குளிர்காலத்துல பனி விழுது, அது ஃபீடு. கீழ கோடைல உருகுது, கடல்ல ஒடஞ்சு விழுது, அது டிஸ்சார்ஜ். ஃபீடவிட டிஸ்சார்ஜ் அதிகம்னா ஸ்டாக் எறங்கும், எந்த ஃபோர்மேனுக்கும் தெரியும். உங்க ஊருக்குப் பின்னாடி இருக்குற ரெண்டு சின்னப் பனியாத்துல 1967, 68லருந்து குச்சி நட்டு வருஷா வருஷம் இந்த வரவு செலவு எழுதறாங்க, ப்ரோகர் பனியாறு, லோவேன் பனியாறு. அநேகமா எல்லா வருஷமும் நஷ்டக் கணக்கு. அறுபது வருஷத்துக்கு கிட்ட ஒரே ரெஜிஸ்டர யாரோ விடாம எழுதியிருக்காங்க பாரு, அதான் எனக்கு பெருசு, ஷிப்டு மாறும்போது லாக் புக்க ஒழுங்கா எழுத வைக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். குடாவோட உள்கோடில இருக்குற க்ரோனபிரீன்தான் வேகமான பெல்ட், கோடைல ஒரு நாளைக்கு மீட்டர் கணக்குல நகருதாம். அந்த முகத்துல தண்ணி செக்கச் செவேல்னு இருக்குமே, பழைய செம்மண்பாறைய அரைச்சுக் கொண்டாந்து கொட்டுறதால. பாத்தா நம்ம செம்மண்ணு ஓட மழைக்கு வந்த மாதிரி இருக்கு, நீ அனுப்புன போட்டோவ உங்கம்மா பண்ருட்டி ரோடுன்னே நெனச்சா. பனிக்கு அடிலருந்து நல்ல தண்ணி பீச்சிக்கிட்டு மேல வர்றப்ப உப்புத் தண்ணிப் பூச்சியெல்லாம் அதுல மாட்டி மயங்கி மேல வந்துருமாம், அதான் பறவ எல்லாம் அந்த செவப்புத் தண்ணி மேலயே கும்பலா கெடக்கு.

அப்புறம் அந்தக் கம்பம், போயி பாத்தியா? ஊருக்கு வெளில தனியா நிக்குற இரும்புக் கோபுரம். 1926 மே மாசம் நார்கேன்னு ஆகாயக் கப்பல அதுல கட்டி நிறுத்தி, 11ம் தேதி அமுண்ட்சன், எல்ஸ்வொர்த், அதக் கட்டுன இத்தாலிக்காரர் நோபிலே, மொத்தம் 16 பேரு ஏறி துருவத்து மேலயே பறந்து 14ம் தேதி அலாஸ்கால போயி எறங்கிட்டாங்க. நோபிலே தன்னோட குட்டி நாயயும் கூட்டிட்டுப் போனாரு, டிடீனான்னு பேரு. எறங்குனதும் அமுண்ட்சனுக்கும் நோபிலேக்கும் சண்ட, யாருக்குப் பேருன்னு. பேப்பர்லயெல்லாம் மாத்தி மாத்தித் திட்டிக்கிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு நோபிலே இத்தாலியான்னு வேற கப்பல்ல அதே குடாவுலருந்து கெளம்பி, துருவத்துக்குப் போயிட்டுத் திரும்பறப்ப பனி மேல விழுந்துட்டாரு. கேட்ட ஒடனே அந்த அமுண்ட்சன், சண்ட போட்டு முஞ்சிய திருப்பிக்கிட்டவரு, தேடக் கெளம்பிட்டாரு. 1928 ஜூன் 18, ட்ரோம்சோலருந்து ஏறுன பிளேன் திரும்ப வரல. நோபிலே பொழச்சுக்கிட்டாரு, நாயும் பொழச்சுது. தேடிப் போனவர இன்னிக்கு வரைக்கும் கெடைக்கல. இதப் படிச்ச அன்னிக்கு ராத்திரிதான் ஒனக்கு மெயில் எழுதணும்னு உக்காந்தேன், ரெண்டு வரிக்கு மேல ஓடல, விட்டுட்டேன்.

இப்ப கெளம்புறதுக்கு முன்னாடி நீ சொன்ன அந்தக் கரிப் பேச்சுக்கு வரேன்.

நீ சொன்னதுல பாதி தப்பு. நான் படிச்சுட்டேன். ஆர்க்டிக்ல தரையோரக் காத்துல வர்ற கரும்புகைத் தூசி பெரும்பாலும் ஐரோப்பா, ரஷ்யா வடக்கருந்து வருது, எண்ணக் கெணத்துல எரிக்கற வாயு, காட்டுத் தீ, அடுப்பு, வண்டி. நெய்வேலி சிம்னிப் புகை அவ்ளோ தூரம் நேராப் போயி உன் வடிகட்டி மேல உக்காருறது ரொம்ப கம்மி, நடுவுல மழ இருக்கு, எமயமல இருக்கு. அதனால நீ எண்ணறது உங்கப்பன் எரிச்ச கரி இல்ல. எழுதி வெச்சுக்க.

மீதிப் பாதி சரி. அந்த மல மேல, கேபிள் கார்ல போவீங்களே, செப்பெலின் மல, 474 மீட்டர் ஒசரத்துல, அங்க 1989லருந்து காத்த அளக்குறாங்கல்ல. கார்பன் டை ஆக்சைடு 2012லயே அங்க காத்துல பத்து லட்சத்துக்கு 400 பங்க தொட்டுருச்சு. அதுக்கு எந்த நாட்டு முத்திரையும் கெடயாது, எமயமலையும் தடுக்காது, மழையும் கழுவாது, எங்க எரிச்சாலும் உலகம் பூரா கலந்துரும். அதுல என் பங்கு இருக்கு. எவ்ளோன்னு கணக்குப் போட முடியாத அளவுக்கு சின்னது, ஆனா இருக்கு. தாத்தாவுக்கும் இருக்கு. நீ படிச்ச டியூப்லைட்டுக்கும் இருக்கு. நான் இத மறுக்கல. அதுக்காக வெக்கப்படவும் மாட்டேன், அந்த வெளக்கு எரியறப்ப நான் அங்க நின்னேன், இருட்டு எப்படி இருந்துச்சுன்னு உங்க தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன். ரெண்டும் எனக்குள்ள ஒண்ணா கெடக்கு, நான் என்ன பண்ண. பக்கத்து லாங்யியர்பைன் ஊர்ல கரில ஓடுன பவர் ஹவுஸ 2023ல நிறுத்திட்டு டீசலுக்கு மாறிட்டாங்கன்னு படிச்சப்ப, இவ்ளோ பெரிய ஆராய்ச்சி ஊருக்குப் பக்கத்துலயே அது வரைக்கும் கரிதானான்னு எனக்கு ஒரு அல்ப சந்தோஷம், ஒத்துக்கறேன்.

ஆனா ஒண்ணு மட்டும் தம்பி மாத்திச் சொன்னப்ப நான் எழுந்து வெளிய போயிட்டேன். நீ வேல செய்யற லேப் பேரு க்ரூவபாடெட். க்ரூவன்னா சுரங்கம். பாடுன்னா குளியல். சுரங்கக்காரங்க ஷிப்டு முடிஞ்சு வந்து ஒடம்புக் கரியக் கழுவுன குளியல்கூடம் அது. அங்க உக்காந்துதான் என் பொண்ணு காத்துல இருக்குற கரிய எண்ணுது. ஒனக்கு இது தெரியுமா பாப்பா, தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லலியா? சின்னதுல நான் ஷிப்டு முடிஞ்சு வந்தா கொல்லப்பக்கம் தொட்டிகிட்ட நின்னு என் முதுகுல தண்ணி ஊத்துவியே, சோப்பு நொர கருப்பாப் போறத பாத்து "அப்பா மை போவுது"ன்னு கத்துவ. அந்த மாதிரி அங்கயும் யாராவது புள்ள இருந்திருக்கும். குடும்பத்தோடதான இருந்தாங்க.

இன்னும் ஒண்ணு, அங்க எந்த வீட்டுக்குள்ள போனாலும் ஷூவ வாசல்லயே கழட்டணும்னு எழுதியிருந்தியே, நம்ம ஊரு மாதிரியேன்னு. அது கரி காலத்துப் பழக்கம்தானாம், பூட்ஸ்ல ஒட்டுன கரித் தூசி உள்ள வரக் கூடாதுன்னு. சுரங்கம் போயி அறுபது வருஷம் ஆச்சு, பழக்கம் போகல.

மத்தபடி ஜாக்கிரத. ஊர விட்டு வெளில போனா துப்பாக்கி உள்ளவங்களோடதான் போவணும், தனியா போட்டோ எடுக்க நடந்துராத. கதவ யாரும் பூட்ட மாட்டாங்களாம், கரடி வந்தா எந்த வீட்டுக்குள்ள வேணாலும் பூரலாம்னு, அது நல்ல ஏற்பாடு, உங்கம்மாகிட்ட அதையும் நான் சொல்லல. ஆர்க்டிக் ஆலா கூடு கட்டுற நேரம் இது, மண்டைல கொத்தும், ஒரு குச்சிய தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிட்டு நட, அது ஒசரமா இருக்கறதத்தான் கொத்துமாம். அவ்ளோ குட்டிப் பறவ வருஷா வருஷம் அண்டார்டிகா வரைக்கும் போயிட்டு வருது, அதுக்கு கோவம் வரத்தான் செய்யும்.

பலாச் சீசன் முடியப் போவுது, ஒனக்காக சொளைய எடுத்து உங்கம்மா ஃப்ரீசர்ல போட்டிருக்கா. நார்த்தங்கா ஊறுகா தீந்துச்சான்னு கேக்குறா. கொரியாக்காரங்களுக்கு குடுத்தியாமே, குடு, ஆனா தீத்துராத.

எனக்கு ஒரே ஒரு வேல செய்யணும் நீ. தொறமுகத்துகிட்ட ஒரு குட்டி நீராவி என்ஜின் நிறுத்தி வெச்சிருப்பாங்க, பின்னாடி கரி வண்டியெல்லாம் கோத்து. 1909ல பெர்லின்ல போர்சிக் கம்பெனி செஞ்சது, 900 மில்லிமீட்டர் பாத, 1958 வரைக்கும் சுரங்கத்துலருந்து கப்பலுக்கு கரி இழுத்திருக்கு. எல்லாரும் அது முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்குறாங்க, தேடுனா எல்லாம் மூஞ்சியாத்தான் வருது. எனக்கு ஒன் மூஞ்சி வேணாம், இருக்குற போட்டோ போதும். குனிஞ்சு வண்டிக்கும் வண்டிக்கும் நடுவுல அந்தக் கப்ளிங் எப்படி மாட்டியிருக்குன்னு கிட்டக்க ஒண்ணு எடு, வீல் ஆக்சில் பாக்ஸ் ஒண்ணு எடு, ப்ளேட்ல எழுத்து இருந்தா அத தனியா எடு. கையொறைய கழட்டாம எடு.

அப்பா